மிடி மன்னர் மெய்க்கீர்த்தி

திருமகள் சேலத்தில் ஜவுளியாகவும் நாமக்கல்லில் முட்டையாகவும் எழுந்தருளி அருள்பாலிக்க, கலைமகள் மட்டும் தங்க இடமின்றி எங்கள் வட்டாரத்தில் அலைந்துகொண்டிருந்தாள். அந்தக் குறை தீர்க்கத் திருவுளம் கொண்டு, கமடோர் 64 கணினியின் முதுகில் செருகப்படும் கையகல மிடி கார்ட்ரிட்ஜ் ஒன்று, கடல் கடந்து, அட்டைப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தையில் பள்ளிகொண்டபடி, ராசிபுரத்து நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு எழுந்தருளியது. நண்பர் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். 1986இல் ‘புன்னகை மன்னன்’ வந்தபோது, கணினி வைத்துக் கோத்த இசை என்று ஊரே வியந்து பேசியதைக் கேட்டு வளர்ந்தவர். பழைய கணினி ஒன்று தாளத்தையும் பேஸையும் பார்த்துக்கொள்ள, தாம் அதன்மேல் விரலோட்டம் காட்டலாம் என்று ஆசைப்பட்டார். பாவம், சிற்றாசை. இசை தருவது சாமானியக் கருவிகளின் தொழில். மாட்சிமை தங்கிய கார்ட்ரிட்ஜ் மகாராஜர் அந்த நிலையைக் கடந்தவர்.

மெய்க்கீர்த்தி என்றால் குலம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். மகாராஜரின் அரியணையாகிய கமடோர் 64, 1982 ஆகஸ்டில் 595 டாலர் விலையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. 64 கிலோபைட் நினைவகம். பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்னும் 6581 ஒலி சிப். அதற்கு மூன்று குரல். இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் மிடி என்னும் பொதுவழக்கம் அடுத்த ஆண்டு பிறந்தது. சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் சந்தையில் மோதிக்கொள்ள வேண்டியவர்கள். அவர்கள் போய் ஒரே செருகி, ஒரே வேகம், ஒரே மொழி என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகக் கண்காட்சியில் புரொஃபெட்-600ஐயும் ஜூபிட்டர்-6ஐயும் ஒரு கேபிளால் கட்டினார்கள். இதில் அழுத்தியது அதில் ஒலித்தது. 2013இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருதும் கிடைத்தது. யாரும் யாரோடும் சேரலாம் என்ற அந்தத் தாராள மனத்தில் என்ன சுவை இருக்கிறது? எதை எதோடு செருகினாலும் வேலை செய்துவிட்டால், மனிதனுக்குப் பரீட்சை எங்கே?

அந்தப் பெரும் குறையைக் கார்ட்ரிட்ஜ் கம்பெனிக்காரர்கள் போக்கினார்கள். வெளியே செருகி ஒன்றாகிவிட்டது, அது கைமீறிப் போன காரியம். உள்ளே இருப்பது அவரவர் ராஜ்ஜியம். அத்தனை பேரும் உள்ளே வைத்தது மோட்டரோலா வழிவந்த 6850 என்னும் ஒரே சிப்பைத்தான். ஆனால் கணினி அதைக் கூப்பிட வேண்டிய முகவரியை, சீக்வென்ஷியல் 56832இல் வைத்தது. டேட்டல் 56836இல் வைத்தது. பாஸ்போர்ட் 56840இல் வைத்தது. மிடி வழக்கத்தைப் பெற்றெடுத்த கம்பெனியே தன் முகவரியைச் சொல்லியிருக்க, மற்றவர்கள் அதைப் பின்பற்றும் அடிமைத்தனத்துக்கு ஆளாகவில்லை என்பதை வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளில் எழுதும் கதவு வேறு, படிக்கும் கதவு வேறு. மூன்றாவதில் இரண்டுக்கும் ஒரே கதவு. இதோடு நின்றார்களா? மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒருவர் ஐந்து லட்சம் துடிப்புள்ள கடிகாரத்தை வைத்து 16ஆல் வகுத்தார். இன்னொருவர் இருபது லட்சம் துடிப்பை வைத்து 64ஆல் வகுத்தார். இரண்டு வழியிலும் விடை ஒன்றே. விடை ஒன்றாகிவிட்டதே என்ற கவலையில்தான் வழியையாவது வேறாக்கினார்கள் என்று தோன்றுகிறது.

இதன் பயன் என்னவென்றால், ஒரு கம்பெனியின் மென்பொருளை இன்னொரு கம்பெனியின் கார்ட்ரிட்ஜோடு ஓட்டினால் பரிபூரண நிசப்தம் நிலவும். பிழைச் செய்தி வராது. திரை சிவக்காது. “ஐயா, தாங்கள் தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவை” என்று ஒரு வார்த்தை சொல்லி விருந்தாளியின் மனத்தைப் புண்படுத்தாத பண்பு அது. நண்பர் நள்ளிரவு வரை மென்பொருளில் தாளம் கோப்பார், ஓட்டுவார். திரையில் சுட்டி நகரும், அளவைகள் ஓடும், எல்லாம் வாசிக்கப்படுவதுபோலவே இருக்கும். கீபோர்டு மட்டும் தவத்தில் இருக்கும்.

நண்பர் விடவில்லை. மென்பொருளை ஒதுக்கிவிட்டு, பேசிக் மொழியில் தாமே கட்டளை எழுதிச் சோதிக்கத் துணிந்தார். 6850க்கு முதலில் 3 என்ற எண்ணை அனுப்பினால் அது பழசையெல்லாம் மறந்து புதிதாக விழிக்கும். பிறகு வகுக்க வேண்டிய எண்ணைச் சொல்ல வேண்டும்: 16ஆல் வகுக்க 21, 64ஆல் வகுக்க 22. மகாராஜரோடு குறிப்பேடு எதுவும் வந்திருக்கவில்லை. விற்றவர் அதை அனுப்பி அரசரின் அந்தரங்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பாத கண்ணியவான். ஆகவே நண்பர் வேறொரு கார்ட்ரிட்ஜுக்கான குறிப்பை வைத்துக்கொண்டு, முகவரியை மட்டும் 56832 என்று திருத்தி, 22ஐ அப்படியே அடித்தார். வேகம் 31,250இல் கால்பங்காகி 7,812க்கு வந்துவிட்டது. இனிதான் மகாராஜரின் உண்மையான மகிமை வெளிப்பட்டது.

கார்ட்ரிட்ஜ் நலமாக இருக்கிறதா என்று அறிய உலகெங்கும் சொல்லப்படும் சோதனை ஒன்று உண்டு. அதன் வெளியேறு வாயிலையும் உள்வரு வாயிலையும் ஒரே கேபிளால் இணைத்து, அனுப்பியது திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. நண்பர் இணைத்தார். 144 அனுப்பினார், 144 வந்தது. 60 அனுப்பினார், 60 வந்தது. ஒரு பிசகில்லை! தப்பான வேகத்தில் பேசி, அதே தப்பான வேகத்தில் தானே கேட்டு, “ஆகா, என்ன தெளிவு” என்று தானே தலையசைத்துக்கொண்டது கார்ட்ரிட்ஜ். சபையில் வேறொருவர் காதுக்கு எட்டுகிறதா என்ற அற்பக் கேள்வியைப் பொருட்படுத்தாமல், தன் குரலைத் தானே கேட்டு மெச்சிக்கொள்ளும் பெருந்தகைகளை நாம் பொதுவாழ்வில் நிறையப் பார்த்திருக்கிறோம். ஒரு சர்க்யூட் அந்த உயரத்தை எட்டியது இசைவரலாற்றில் குறிக்கத்தக்கது. ஐயம் தீரவில்லை என்று 220 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சிவப்பு எல்இடியைச் செருகியின் நான்காம், ஐந்தாம் முனைகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். அதுவும் குறும்பாகக் கண்சிமிட்டி, எல்லாம் நலமே என்று சாட்சி சொன்னது. எந்த வேகத்தில் போனாலும் எல்இடி மினுக்கத்தான் செய்யும். இரண்டு சாட்சிகளும் ஒரே குரலில் சொன்ன பிறகு குற்றம் யாருடையது? கீபோர்டுடையதுதான். நல்ல கீபோர்டைக் கழற்றிப் பார்க்கும் பாக்கியம் நண்பருக்கு இப்படித்தான் கிட்டியது.

கீபோர்டில் ஒன்றும் இல்லை என்றதும், கணினியையும் கார்ட்ரிட்ஜையும் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு, டிவி பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குப் போனார். கடைக்காரர் கமடோரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ரிமோட் எங்கீங்க?” என்றார். மகாராஜரின் பெருமை அறியாத பாமரர் என்று நண்பர் நொந்துகொண்டார். அந்தப் பாமரரோ கார்ட்ரிட்ஜை உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். 44 தொடுபட்டைகள் வரிசையாக நின்றன. பொன்முலாம் போன இடத்தில் பச்சையாகக் களிம்பு, அதன்மேல் தறிக்கூடத்துப் பஞ்சு மென்மையாகப் படிந்து, பட்டாடை உடுத்தியதுபோல் இருந்தது. திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று தறி ஓடும் ஊர்களின் காற்று, வந்த விருந்தாளிக்குப் போர்த்திய சால்வை அது. கடைக்காரர் மேஜை டிராயரிலிருந்து பென்சில் ரப்பரை எடுத்துப் பட்டை பட்டையாகத் தேய்த்தார். ஒரு டீ குடிக்கும் நேரம். நடுநடுவே முகவரிக்கே பதில் சொல்லாமல் மயங்கிக்கொண்டிருந்த கார்ட்ரிட்ஜ், அதன்பின் ஒழுங்காகப் பதில் சொன்னது. தேய்த்ததற்குக் காசு வேண்டாம் என்றார். நாற்பது ஆண்டுப் பழமையை ரப்பரால் அழித்த அந்தக் கொடுஞ்செயலுக்குக் கூலி கேட்காமல் விட்டதே அவர் செய்த ஒரே புண்ணியம். பவர் ஓடிக்கொண்டிருக்கும்போது கார்ட்ரிட்ஜை உருவினால் கணினி செத்துப்போகும் என்று மேலுறையில் எங்கும் அச்சிட்டிருக்கவில்லை. கடைக்காரர் தாமாகவே சுவிட்சை அணைத்துவிட்டு உருவினார் என்பதையும் அவருடைய குற்றப்பட்டியலில் சேர்க்கிறேன்.

பவர் என்றதும் அரண்மனை மருத்துவரை வணங்காமல் மேலே போகக் கூடாது. கமடோருக்கு மின்சாரம் ஊட்டும் அந்தச் செங்கல் அடாப்டரைச் சொல்கிறேன். 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தருவது அதன் பணி. முதுமை வந்து உள்ளேயிருக்கும் ரெகுலேட்டர் பழுதானால், மற்ற அடாப்டர்கள்போலச் சோர்ந்து படுத்துவிடும் கோழைத்தனம் அதற்குக் கிடையாது. 5 வோல்ட்டை மேலே மேலே உயர்த்தி, முதலில் நினைவக சிப்புகளை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓயும். திறந்து பார்த்துத் திருத்திவிடுவார்களோ என்று முன்கூட்டியே கெட்டிப் பிசினை உள்ளே ஊற்றி மூடியிருக்கிறார்கள். என்ன தீர்க்கதரிசனம்! மாலையில் கிணற்று மோட்டார்கள் ஒருசேர ஓடத் தொடங்கினால் விளக்குகள் தலைகுனியும் எங்கள் சமவெளிக்கு, இதைவிடப் பொருத்தமான ஒரு வள்ளலைத் தேடிக் கொண்டுவர முடியாது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டில் மகாராஜர் இங்கு வந்திருந்தால், சேமிக்காத பாட்டுகள் எத்தனை எத்தனை விடுதலை அடைந்திருக்கும்!

அயலாரையும் மறப்பதற்கில்லை. 1984இல் இந்தியப் பள்ளிகளுக்குக் கிளாஸ் என்னும் கணினிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ கணினி வந்தது. அதன் மின்வழங்கியிலுள்ள கப்பாசிட்டர் வயதானபின் வெடித்து அறை முழுக்கச் சாம்பிராணி போடும். ஸ்பெக்ட்ரம் 128 கணினியின் மிடி வாயிலோ ஐந்துமுனைச் செருகியையே ஏற்காது. டெலிபோன் செருகிபோல் ஒன்றை வைத்து, தனிக் கேபிள் செய்து வரச் சொல்லும். ஆரம்பகாலக் கமடோர் 64கள் மறுபக்கம் நின்று மயக்கின: மானிட்டருக்குப் போகும் வாயிலும் மிடிச் செருகியைப் போலவே ஐந்துமுனை. எதை எதில் செருகினாலும் இன்முகத்தோடு இடம் கொடுக்கும்.

நண்பர் ஒருவழியாக 22ஐ 21ஆகத் திருத்தி, மகாராஜரின் முகவரி அறிந்த மென்பொருளையும் தேடிப் பிடித்து, கீபோர்டின் தவத்தைக் கலைத்துவிட்டார். இப்போது இளவரசருக்கு வருவோம். பழைய பாட்டுக் கோப்புகளை லேப்டாப்பிலிருந்து கமடோருக்கு அனுப்ப, நண்பர் யுஎஸ்பி மிடி கேபிள் ஒன்றை வாங்கினார். கம்பெனிப் பெயர் எங்கும் இல்லை. புகழை விரும்பாத எளிமை. மிடி விதியில் ஓர் அம்சம் உண்டு. உள்வரும் பக்கத்தில் ஆப்டோகப்ளர் என்னும் சிறு சிப்பு இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து மின்சாரம் இந்தப் பக்கம் வராமல், ஒளி மட்டும் தாண்டி வந்து செய்தி சொல்லும். ஒரு கருவியின் எர்த்தும் இன்னொன்றின் எர்த்தும் கலக்கக் கூடாது என்பதற்காக 1983இலேயே யோசித்து வைத்த ஏற்பாடு. நண்பர் கேபிளின் நடுவிலிருக்கும் பெட்டியைத் திறந்தார். ஆப்டோகப்ளருக்கான இடம் பலகையில் வெள்ளை மையால் அழகாக வரைந்திருந்தது. எட்டுக் கால்களுக்கும் ஈயம் பூசிய புள்ளிகள் இருந்தன. சிப் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டர் குறுக்கே படுத்திருந்தது. நான் தொழிற்சாலைகளின் தியாகங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன்; ஒரு டீச்செலவில் முடிகிற பொருளை விட்டுக்கொடுத்து, வாங்குபவரின் லேப்டாப், கணினி, மிக்ஸர் எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் ஐக்கியமாக்கும் இந்த அத்வைதத்தை வேறெங்கும் கண்டதில்லை. காலியிடத்தை மறைக்காமல் வரைந்தே காட்டிய நேர்மையைத் தனியே வணங்க வேண்டும். எதைக் கொடுக்கவில்லை என்று எந்தக் கடைக்காரர் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறார்?

இளவரசர் அரங்கேறியது ஆடி மாதத்தில், மாரியம்மன் பண்டிகை மேடையில். ஜெனரேட்டர் கரண்ட். அதற்கு எர்த் என்று ஒரு கம்பியை ஈரம் காய்ந்த மண்ணில் நட்டிருந்தார்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, கேபிளைச் செருகி, மிக்ஸரை உயர்த்தியதும் இரண்டு ஸ்பீக்கர் அடுக்குகளிலிருந்தும் உம்ம்ம் என்று ஒரு நாதம் கிளம்பியது. மைக் செட்காரர் ஓடி வந்தார்.

“ஏனுங்கண்ணா, ஸ்பீக்கர்ல வண்டு பூந்திருச்சுங்களா?”

“வண்டு இல்லீங்க தம்பி, கரண்டு.”

அந்த நாதத்தின் நுட்பத்தை இசையறிந்தவர்கள்தான் ரசிக்க முடியும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அதிர்வு. ஐந்து கட்டையின் ஆழ்ந்த சுருதியோ 49. ஆகவே அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரைக்குக் கொஞ்சம் கீழே, எவருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் நிற்கும். ஐந்து கட்டையில் பாட நின்ற அம்மையார் காதைப் பொத்திப் பொத்திப் பாடினார். ஜெனரேட்டர் இரைக்கும்போதெல்லாம் நாதமும் கூடக்குறையச் சறுக்கி, கமகம் காட்டியது. இலவசமாக இத்தனை!

இதற்கு மேலும் அருள் இருந்தது. பாட்டின் நடுவில் வயலின் ஒலியில் ஒரு ஸ்வரம் எழுந்தது. எழுந்தது இறங்கவே இல்லை. நண்பர் வீட்டில் அந்த வரியைப் பதிவு செய்தபோது, கமடோர் டிஸ்க் டிரைவோடு பேசிக்கொண்டிருந்த ஒரு கணத்தில் விரலை எடுத்திருக்கிறார். டிரைவோடு பேசும்போது கமடோர் மற்ற அழைப்புகளுக்குக் காதை அடைத்துக்கொள்ளும். 6850ஓ வந்த ஒரு பைட்டை மட்டும் கையில் வைத்திருக்கும். 320 மைக்ரோநொடியில் அடுத்தது வந்துவிட்டால், பின்னதைக் கைவிட்டுவிடும். அப்படிக் கைவிடப்பட்டது, “விரல் எடுத்தாயிற்று, நிறுத்து” என்ற செய்தி. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர்கூடக் கன்னத்தை மாற்றி மூச்சு வாங்குவார். இந்த ஸ்வரம் மூச்சு வாங்கவில்லை. பல்லவி முடிந்து சரணம் வந்தது, ராகம் மாறியது, பாட்டே முடிந்தது, கூட்டம் கை தட்டியது. ஸ்வரம் நின்றபடி நின்றது. நிலையாமையைப் பற்றி நம் பெரியோர்கள் ஆயிரமாயிரம் பாடிச் சென்றார்கள். அவர்கள் யாரும் நோட் ஆஃப் தவறிய ஒரு சீக்வென்ஸைக் கேட்கும் பேறு பெறாதவர்கள்.

நண்பர் எல்லாவற்றையும் அணைத்து மறுபடி தொடங்கினார். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் நொடிக்கு 400 பைட்டுக்கும் குறைவாகவே படித்துத் தரும். அவசரம் அறியாத பரம்பரை. திரை நீலமாக ஒளிர்ந்தது. பொம்மைக்கடை ஒலி, பலூன்காரர் குரல், ஒரு குழந்தை அழுகை, மேடையில் கார்ட்ரிட்ஜ் மகாராஜரின் திருவோலக்கம். ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடைக்கு அருகே வந்து, “தம்பி, இன்னும் எவ்வளவு நேரமாகுங்க?” என்று கேட்டார். காத்திருப்பின் இன்பத்தை அறியாத கேள்வி.

அந்த நேரத்தில்தான் குழுவின் தபலாக்காரர் அந்தத் தகாத காரியத்தைச் செய்தார். யாரையும் கேட்காமல், எந்த எண்ணையும் எதாலும் வகுக்காமல், இடது உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி ஆதி தாளத்தில் தொடங்கிவிட்டார். அம்மையார் உடனே எடுத்துக்கொண்டார். கணினி இன்னும் டிஸ்க்கோடு உரையாடிக்கொண்டிருக்க, நண்பரும் நாணமின்றிக் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாசிக்கத் தொடங்கினார். உம் என்ற நாதம் அந்த நிமிஷமே அடங்கியது. எத்தனை பேர் உழைத்து, எத்தனை கம்பெனிகள் பிரிந்து நின்று, எத்தனை சிப்புகளை விட்டுக்கொடுத்துக் கட்டிய ஏற்பாடு! அது அத்தனையையும் தோலும் மரமும் வைத்துக்கொண்டு கலைத்த அந்த மனிதரைப் பார்த்து ஊரே இன்னொரு பாட்டுக் கேட்டது. விசாரித்துப் பார்த்தேன், அவருடைய தபலாவில் ஐந்துமுனைச் சாக்கெட் ஒன்றுகூடக் கிடையாதாம்.